நடக்க ஒரு பாதை, காக்க ஒரு குளம்

(தாராவியில் கற்போர் கூட்டம் ஒன்றில் பேசியது)



நம்மில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் சொந்த ஊர். ஊர் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்குக் குளமும் குளத்துக் கரையும்தான். கரைமேல் நடந்துதான் வயலுக்குப் போவோம். கோயிலுக்குப் போவோம். பள்ளிக்கூடம் போவோம். பையன்கள் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவார்கள். கெண்டையோ கெளுத்தியோ கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் மீன்குழம்பு.

மும்பைக்கு வந்தோம். குளம் போனது. நடையும் போனது.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்றார் டாக்டர். எங்கே நடப்பது? நம் சந்தில் எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். பெரிய ரோட்டிலே லாரி. டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன். ஒரு வருடம் நடக்கவில்லை. பிறகு காலில் ஒரு புண் வந்தது. இரண்டு மாதம் ஆறவில்லை. காலே போய்விடுமோ என்று பயந்தேன். புண் ஆறிய பிறகுதான் நடக்க இடம் தேடினேன். தேடினால், இடம் பக்கத்திலேயே இருந்தது!

குப்பைமேடு காடானது

சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலை ஓரத்தில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு பக்கம் நம் தாராவி. மறு பக்கம் மித்தி ஆறு. சுமார் 37 ஏக்கர் நிலம்.

இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது தெரியுமா? மும்பை நகரத்தின் குப்பைமேடு. 1983-இல் இங்கே மரம் நடத் தொடங்கினார்கள். பறவைகளைப் பற்றி ஆராய்ந்த பெரியவர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994-இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள். நடுவே மண் பாதைகள். மழைநீரைச் சேர்த்து வைக்க ஒரு குளம். கொக்கு வருகிறது. மீன்கொத்தி வருகிறது. பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன. குப்பைமேடே காடாக முடியும் என்றால், எந்த இடம்தான் திருந்தாது?

ஆனாலும் நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? "அது நமக்கு இல்லை, படித்தவர்களுக்கு" என்று நினைக்கிறோம். மாட்டுங்காவில் 'ஃபைவ் கார்டன்' இருக்கிறது. செம்பூரில் 'டயமண்ட் கார்டன்' இருக்கிறது. வேலைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போகிறோம். ஒரு சுற்று நடந்ததில்லை. பொது இடம் என்றால் எல்லோருக்கும் பொது. நமக்கும் பொது.

வாசலில் பலகை இருக்கும். திறக்கும் நேரம், கட்டணம், செய்யக்கூடாதவை எல்லாம் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். மராத்தி எழுத்து தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படி நடப்பது?

வாரத்திற்கு 150 நிமிடம் நடந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். கொப்புளம், வெட்டு இருந்தால் உடனே காட்டுங்கள். மயக்கம் வந்தால் வாயில் போட ஒரு மிட்டாய் கையில் இருக்கட்டும்.

பெண்கள் தனியாகப் போகத் தயங்குகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து போங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். நால்வர் போனால் பிறகு பத்துப் பேர் வருவார்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் பயம் குறையும்.

மீன் இருக்கிறதா?

தாராவிக்குப் பழைய சொந்தக்காரர்கள் யார்? கோலி மீனவர்கள். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கழிமுகத்தில் வலை வீசி அவர்கள் பிழைத்தார்கள். கழிமுகத்தை மண்ணும் குப்பையும் போட்டு மேடாக்கினார்கள். சாக்கடை கலந்தது. மீன் குறைந்தது. தொழில் போனது.

நீரில் சாக்கடை கலந்தால் மீன் ஏன் சாகிறது? அழுக்கைத் தின்னும் கிருமிகள் பெருகுகின்றன. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அவை எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், குளம் நோயில் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த மீனைச் சாப்பிடாதீர்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் சேரும் நீரில் பிடித்த மீன் எதுவும் வேண்டாம்.

குப்பை மீனை மட்டும் கெடுக்கவில்லை. 2005 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆற்றின் வழி குறுகி, குப்பை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள் வந்தது.

ஊர்க் கட்டுப்பாடு

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலம் அது. சுற்று வட்டார மக்கள் வலை, ஊத்தாக் கூடையோடு கரையில் நிற்பார்கள். மீன் துள்ளும். ஆனாலும் யாரும் இறங்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே எல்லோரும் இறங்குவார்கள். ஏழை, பணக்காரர் என்ற பேச்சு இல்லை. பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்குப் போகும்.

அதில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டுப்பாடு இருந்ததால் எல்லோருக்கும் மீன் கிடைத்தது.

மும்பையிலும் அப்படி உண்டு. பொவாய் ஏரியில் தூண்டில் மீன்பிடிப்போருக்குச் சங்கம் இருக்கிறது. அவர்கள் மீன்குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். அனுமதி பெற்றுத்தான் அங்கே தூண்டில் போட முடியும். அந்த ஏரியில் முதலையும் உண்டு. குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது. இயற்கைப் பூங்காவின் குளமோ மீன்கொத்திக்கு உரியது. நாம் கரையில் நின்று பார்ப்போம்.

அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சிக்கும். குழந்தையின் காலில் குத்தும். விநாயகர் சிலையைச் செயற்கைக் குளத்தில் கரையுங்கள். பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

நண்பர்களே, ஆள் நடக்காத பாதையில் முள் முளைக்கும். யாரும் பார்க்காத குளத்தில் குப்பை விழும். தினமும் நூறு பேர் நடக்கும் இடத்தில் குப்பை கொட்ட வருகிறவன் கூசுவான். நாம் நடப்பது நம் உடம்புக்கும் காவல், அந்தக் குளத்துக்கும் காவல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போகிறோம். நீங்களும் வாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊர்க் குளத்தை யார் காத்தார்கள்? அங்கே என்ன கட்டுப்பாடு இருந்தது?

2. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்ன பொது இடம் இருக்கிறது? அங்கே நீங்கள் போகாததற்குக் காரணம் என்ன?

3. அந்த இடத்தின் குறை ஒன்றைச் சொல்லி, மாநகராட்சி வார்டு அலுவலகத்திற்கு நான்கு வரியில் ஒரு மனு எழுதுங்கள்.