அந்நிய மண்ணில் சீன மாணவர்கள் கற்ற பாடம்

(மாணவர்-வாலிபர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சென்ற வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவத் தோழர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வெளிநாடு போய்ப் படிக்கிறவன் பெரிய துரையாகத்தானே திரும்பி வருகிறான்? அவனிடம் தேசபக்தியை எதிர்பார்க்க முடியுமா?" என்றார். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். கடல் தாண்டியவனும் அல்ல. என் அனுபவத்திலிருந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சீனத்தின் சரித்திரம் பதில் சொல்கிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விதைத்தது ஒன்று, விளைந்தது வேறு

மஞ்சு மன்னராட்சி 1872 முதல் 1875 வரை 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. எதற்காக? கப்பல் கட்ட, பீரங்கி செய்ய, தந்தி அடிக்க ஆள் வேண்டும். யந்திரம் மட்டும் புதிதாக வேண்டும். ஆட்சி பழையபடியே இருக்க வேண்டும். சிறுவர்களின் நடையுடையும் நினைப்பும் மாறுவதைக் கண்டதும் அதிகாரிகள் மிரண்டார்கள். 1881ல் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? 1895ல் சீனா ஜப்பானிடம் தோற்றது. தைவான் தீவு பறிபோயிற்று. 20 கோடி டேல் வெள்ளி தண்டம். எட்டு அந்நியப் படைகள் பீகிங்கில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, 1901ல் 45 கோடி டேல் தண்டம் விதித்தன. 39 வருஷத் தவணை! சுங்க வருமானமும் உப்பு வரியும் அதற்கு ஈடு வைக்கப்பட்டன. ஏழை உண்ட உப்பிலும் ஏகாதிபத்தியத்திற்குப் பங்கு போயிற்று.

இந்த நிலையில்தான் மாணவர்கள் ஜப்பானுக்குப் புறப்பட்டார்கள். 1896ல் போனவர்கள் 13 பேர். 1905-06ல் அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். ஜப்பான் பக்கத்து நாடு, செலவு குறைவு. 1905ல் பழைய அரசாங்கப் பரீட்சை முறை ஒழிக்கப்பட்டதால், உத்தியோகத்திற்கு அந்நியப் பட்டம் புதிய வழியாயிற்று. பலர் பதவிக்காகத்தான் போனார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

டோக்கியோவில் கண் திறந்தது

பதவி தேடிப் போனவர்களில் ஒரு பகுதியினர் எப்படிப் புரட்சிக்காரர்கள் ஆனார்கள்?

ஊரில் அவன் ஹூனான்காரன், அல்லது கான்டன்காரன். டோக்கியோ தெருவில் அவன் வெறும் சீனன். மஞ்சு ஆட்சி தலையில் சுமத்திய சடையைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். தோற்ற நாட்டின் பிரஜை என்றால் என்ன என்பது அங்கேதான் அவனுக்கு உறைத்தது. அதே டோக்கியோவில் புத்தகமும் அச்சகமும் கிடைத்தன. மாணவர்கள் தத்தம் மாகாணத்தின் பெயரில் பத்திரிகை நடத்தினார்கள். ஜப்பானிய மொழிவழியே ரூசோவைப் படித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தார்கள். அவமானம் நெஞ்சைச் சுட்டது. அதற்குக் காரணம் என்ன என்பதைப் படிப்பு காட்டிக் கொடுத்தது.

சூ ஜுங் என்ற வாலிபனைப் பாருங்கள். மாணவர்களைக் கண்காணிக்க வந்த அதிகாரியின் சடையையே கத்தரித்த கூட்டத்தில் அவன் ஒருவன். 1903ல் 'புரட்சிப் படை' என்ற சிறு நூலை எழுதி ஷாங்காயில் வெளியிட்டான். ஷாங்காயில் அந்நியர் நிர்வாகத்தில் இருந்த பகுதியில் வழக்கு நடந்தது. 2 வருஷச் சிறை. தண்டனை முடியும் முன்பே, 1905 ஏப்ரலில் சிறையில் மாண்டான். 20 வயதுகூட நிரம்பவில்லை.

லூ சுன் வைத்தியம் படிக்க செண்டாய் நகரம் போனார். வகுப்பில் யுத்தப் படம் காட்டினார்கள். ரஷ்யருக்கு உளவு சொன்னதாக ஒரு சீனனின் தலையை ஜப்பானியர் வெட்டப் போகிறார்கள். சுற்றிலும் சீனர்கள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். உடம்பைக் குணப்படுத்தி என்ன பயன், உள்ளமல்லவா மரத்துப் போயிருக்கிறது என்று எண்ணினார் லூ சுன். 1906ல் வைத்தியப் படிப்பை விட்டுப் பேனாவை எடுத்தார். ஒன்றை மறக்காதீர்கள்: அவருடைய குறிப்பேட்டை வாரந்தோறும் திருத்திக் கொடுத்த ஃபுஜினோ என்ற ஜப்பானிய ஆசிரியரை அவர் கடைசிவரை நன்றியோடு நினைத்தார். ஏகாதிபத்தியம் வேறு, அந்த நாட்டு மக்கள் வேறு.

1905 ஆகஸ்டில் டோக்கியோவில் சன் யாட் சென் தலைமையில் துங் மெங் ஹுய் என்ற புரட்சிச் சங்கம் உருவாயிற்று. அதன் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மூன்றே மாதத்தில் ஜப்பானிய சர்க்கார் சீன மாணவர்களைக் கட்டுப்படுத்த விதிகள் போட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை இழிவாக எழுதியது ஒரு ஜப்பானியப் பத்திரிகை. மனம் கொதித்த சென் தியென் ஹுவா டிசம்பர் 8ந் தேதி கடலில் இறங்கி உயிர் விட்டார். அந்த முடிவு நம் வழி அல்ல. ஆனால் அவருடைய மான உணர்ச்சியை யார் குறைவாகப் பேச முடியும்? சியூ சின் என்ற வீராங்கனை நாடு திரும்பி, பள்ளிக்கூடத்தையே புரட்சிப் பாசறை ஆக்கினார். 1907 ஜூலையில் அவர் தலை வெட்டப்பட்டது.

எங்கே குறை?

1911 அக்டோபர் 10ந் தேதி ஊசாங் நகரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1912 பிப்ரவரியில் மன்னராட்சி ஒழிந்தது. ஆனால் ஆட்சி யார் கைக்குப் போயிற்று? பழைய தளபதி யுவான் ஷி காய் கைக்கு! விவசாயிக்கு நிலம் வரவில்லை. அந்நியனின் சலுகையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஏன்? துங் மெங் ஹுய்யின் திட்டத்தில் 'மஞ்சுக்களை விரட்டு' என்பது இருந்தது. 'ஏகாதிபத்தியத்தை விரட்டு' என்பது இல்லை. நில உரிமையைச் சமமாக்குவது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போகவில்லை. மன்னன் போனான், நிலப்பிரபு இருந்தான்.

இன்னொரு உண்மையும் உண்டு. 1919 மே 4ந் தேதி பீகிங் மாணவர்கள் ஜப்பானுக்கு விலைபோன ஒரு மந்திரியின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அந்த மந்திரி சாவ் ஜூ லின், ஜப்பானில் படித்தவர்! நாட்டை விழிக்கச் செய்த 'புதிய இளைஞன்' பத்திரிகையை நடத்திய சென் டூ சியூவும் ஜப்பானில் இருந்து கற்றவர்தான். கடல் ஒன்று, கரை வேறு.

ஆலை வாசலில் கிடைத்த விடை

1919க்குப் பின் சுமார் 1,600 மாணவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். பாதி நேரம் வேலை, பாதி நேரம் படிப்பு என்பது ஏற்பாடு. போய்ச் சேர்ந்தபோது யுத்தத்திற்குப் பிந்திய நெருக்கடி. வேலை இல்லை, பணம் இல்லை. 16 வயது டெங் சியாவோ பிங் இரும்பாலையிலும், பிறகு ரப்பர் ஆலையிலும் உழைத்தார். யுத்த காலத்தில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். படித்தவன் மகனும் கூலிக்காரனும் ஒரே நாட்டுக்காரர்களாக மட்டுமல்ல, ஒரே வர்க்கமாகவும் நின்றார்கள்.

1921 செப்டம்பரில் லியோன் நகரச் சீனக் கல்வி நிலையத்தில் தங்களுக்கு இடமில்லை என்றதும் மாணவர்கள் உள்ளே நுழைந்தார்கள். போலீஸ் பிடித்து 104 பேரை நாடு கடத்தியது. சாய் ஹோ சென்னும் சென் யீயும் அவர்களில் இருந்தார்கள். எஞ்சியவர்கள் ஓயவில்லை. 1922ல் பாரிஸில் வாலிபர் கம்யூனிஸ்ட் ஸ்தாபனம் அமைந்தது. சூ என் லாய் அதன் தலைவர்களில் ஒருவர். பத்திரிகையைச் சைக்ளோஸ்டைல் செய்து கொடுத்தவர் டெங். அதே வருஷம் பெர்லினில் சூ டே கட்சியில் சேர்ந்தார். 1949ல் சீனா விடுதலை பெற்றபோது சூ டே சேனாதிபதி, சூ என் லாய் பிரதம மந்திரி.

மா சே துங்கோ மாணவர்களை பிரான்சுக்கு அனுப்ப உதவினார். தாம் போகாமல் ஊரிலே நின்றார். ஹூனான் கிராமங்களில் விவசாயிகளிடம் பாடம் கேட்டார். போனவர்கள் கொண்டுவந்த தத்துவமும், இருந்தவர் அறிந்த கிராமமும் ஒன்று கலந்தபோதுதான் புரட்சி வேர் பிடித்தது.

தோழர்களே! அந்த மாணவத் தோழருக்கு என் பதில் இதுதான். ஒருவன் எங்கே படித்தான் என்று கேட்காதீர்கள். படித்த பிறகு யார் பக்கத்தில் நின்றான் என்று கேளுங்கள். உங்களில் யாராவது நாளை கப்பலோ விமானமோ ஏறலாம். தாராளமாகப் போங்கள், நன்றாகப் படியுங்கள். அங்கே உழைக்கிறவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதையும் தெரிந்துகொண்டு திரும்பி வாருங்கள்!