தலையடியும் குருபக்தியும்

(தட்டாஞ்சாவடியில் கல்லூரி விளையாட்டு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



தலையில் அடிபட்ட மாணவன் அதை வாய் திறந்து சொல்லாமல் மறுபடியும் ஆட்டத்தில் இறங்குகிறானே, அதை வீரமென்று பலர் புகழுகிறார்கள். அது பெரும்பாலும் வீரமல்ல, குருபக்தியே என்பது நமது அபிப்பிராயம்.

மூளை அதிர்ச்சிக்கு மண்டை உடைய வேண்டியதில்லை. இரத்தம் வர வேண்டியதுமில்லை. ஓட்டுக்குள் மூளை குலுங்கினாலே தலைவலி, குமட்டல், மறதி எல்லாம் வரும். ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் இது தெரியாது. ஆகவே, அடிபட்டவன் சொன்னாலொழிய வைத்தியர் கண்டுகொள்வது கஷ்டம். அது ஆறுமுன் மற்றோர் அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

அப்படியிருந்தும் ஏன் சொல்லுவதில்லை? பயிற்சியாளர் என்ன நினைப்பாரோ, அணியை விட்டு நீக்கி விடுவாரோ என்ற பயம் ஒரு முக்கிய காரணமென்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டாளர்களை விசாரித்த ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது, நோவு மாணவனுடையது. அவன் வாய்ப்பூட்டின் சாவியோ பயிற்சியாளர் கையில்!

நமது நாட்டில் கேட்கவும் வேண்டுமா? 2018 ஜூலை 12-ல் கோவைக்கருகே ஒரு கல்லூரியில், பேரிடர் ஒத்திகை என்ற பேரால், தயங்கி நின்ற 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் மாடியிலிருந்து தள்ளினார். கீழ்மாடிச் சுவர்விளிம்பில் தலை மோதி அப்பெண் மாண்டாள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ அந்த ஒத்திகைக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று கூறிவிட்டது. பயிற்சியாளர் என்ற பட்டத்துக்கு முன் ஒரு பெண்ணின் தயக்கத்துக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

இதன் வேர் எங்கே? தான் கற்பிக்காத ஏகலைவனிடம் கட்டைவிரலைத் தட்சணையாகக் கேட்டவன் துரோணாச்சாரி. சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய சர்க்கார் 1985 முதல் அளித்து வரும் விருது யார் பெயரால்? அந்தத் துரோணாச்சாரி பெயரால்தான்!

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே 2006-ல் தலையடிக்குப் பின்னும் ஆடச் சென்ற 13 வயதுப் பையன் லிஸ்டெட் மூளை பாதிக்கப்பட்டு முடங்கினான். அவன் பெயராலேயே 2009-ல் சட்டம் செய்தார்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். வைத்தியத் துறையினர் எழுத்து மூலம் அனுமதித்தாலன்றித் திரும்பக் கூடாது என்பது அச்சட்டம். அவர்கள் அடிபட்டவன் பெயரைச் சட்டத்துக்கு வைத்தார்கள். நாம் விரல் கேட்டவன் பெயரை விருதுக்கு வைத்தோம்!

பயிற்சியாளர்களே, "அடிபட்டால் சொல், உன் இடம் போகாது" என்று முதல் நாளே சொல்லுங்கள். மாணவர்களே, பயிற்சியாளரை மதியுங்கள். ஆனால் தலையைத் தட்சணையாகக் கொடாதீர்கள். கோப்பை அடுத்த வருஷமும் வரும்; மூளை வராது.