இலக்கிய முகவரும் நம் எழுத்தும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி, வேலைவாய்ப்பு, நிலவுரிமை என்று இம்மேடையில் பேசத்தக்கன பல இருக்க, இலக்கிய முகவர் என்னும் பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. நம் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர், தம் பாட்டியாரின் வாழ்க்கையை இருநூறு பக்கங்களுக்கு மேல் கையால் எழுதி முடித்தார். நகரத்தில் அவருக்கு ஒருவர் அறிமுகமானார். தாம் இலக்கிய முகவர் என்றும், நூலை ஆங்கிலமாக்கி இலண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவரச் செய்வதாகவும் அவர் கூறினார். படித்துப் பார்ப்பதற்குக் கட்டணம் என்று பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டார். இளைஞரின் தாயார் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். பணமும் போயிற்று, ஆளும் மறைந்தார். கையெழுத்துப் படியின் நகல் ஒன்று நம் நூலகத்தில் இருந்ததால் எழுத்து மட்டும் தப்பியது.

இச்செய்தி எட்டிய நாளில் நாம் அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதுங்கள், எழுதுங்கள் என்று சொல்லி வந்த நாம், எழுதி முடித்தபின் அவ்வெழுத்து எவ்வழியே செல்கிறது என்பதை ஒருநாளும் சொல்லித் தரவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வுரை.

இலக்கிய முகவர் என்பார் யார்? நூலாசிரியருக்கும் பதிப்பகத்தாருக்கும் இடையே நின்று, ஆசிரியர் பொருட்டுப் பேரம் பேசி, ஒப்பந்தம் எழுதி, வரும் வருவாயில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்பவர். இத்தொழில் முதலில் வேரூன்றியது இலண்டனில். ஏ. பி. வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1875ஆம் ஆண்டையொட்டி இதனைத் தொழிலாகவே மேற்கொண்டார். ஆசிரியருக்கு வரும் தொகையில் நூற்றுக்குப் பத்து அவர் கூலி. தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் போன்றோர் அவரிடம் தம் நூல்களை ஒப்படைத்தனர். முன்னரே பெயர் பெற்றவர்களையே வாட் நாடினார் எனலாம். 1896இல் தொழில் தொடங்கிய ஜே. பி. பிங்க்கர் என்பவரோ வளர்ந்துவரும் எழுத்தாளர்களையும் தேடிச் சென்றார். போலந்து இனக் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்தபின் ஆங்கிலம் கற்று, அம்மொழியிலேயே எழுதிய ஜோசப் கான்ராடுக்கு அவர் ஆண்டுக்கணக்கில் முன்பணம் கொடுத்தார். அக்கடன் ஒரு கட்டத்தில் ஆயிரம் பவுனையும் கடந்துவிட்டது. இருவருக்கும் பெரும் சச்சரவும் நேர்ந்தது. ஆயினும் அந்தக் கடன் இல்லாதிருந்தால் கான்ராடின் சில நூல்கள் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பதிப்பகத்தாருக்கு இப்புதியவர்களைப் பிடிக்கவில்லை. வில்லியம் ஹைனமன் என்னும் இலண்டன் பதிப்பாளர், முகவரை ஒட்டுண்ணி என்றே இகழ்ந்தார். அதுவரை ஆசிரியருடன் நேரே பேசி, கிடைத்த விலைக்கு உரிமை முழுவதையும் வாங்கி வந்தவருக்குக் கணக்குக் கேட்கும் ஒருவர் நடுவே வந்தால் இனிக்குமா? நிலக்கிழார் வீட்டுத் திண்ணையில் கூலிக் கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வந்து நின்றால் என்ன நேரும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும்.

நியூயார்க் நகரில் பால் ரெவியர் ரெனால்ட்ஸ் என்பார் 1893ஐ ஒட்டி இத்தொழிலைத் தொடங்கினார். அதே 1893இல், சென்னையில், இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். அவர்களுக்கு முகவரும் இல்லை, பதிப்பகமும் இல்லை. எழுதியவரே அச்சுக்கும் வழிசெய்தார். தமிழில் இன்றும் முகவர் வழக்கம் வேரூன்றவில்லை; ஆசிரியர் பதிப்பகத்தாரிடம் நேரே செல்கிறார். ஆங்கிலத்தில் வெளிவர விரும்பும்போதுதான் முகவர் என்பவர் நம்முன் வந்து நிற்கிறார்.

இனி, அவர் எத்தகைய நூல்களைத் தேடுகிறார் என்பதைக் காண்போம். அமெரிக்காவில் இன்று முகவரின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து. வெளிநாட்டு உரிமைகளுக்கு இருபது. நூல் விற்றால்தான் அவருக்கு வருவாய். பதிப்பகம் இருபதாயிரம் டாலர் முன்பணம் தந்தால் முகவருக்கு மூவாயிரம், ஆசிரியருக்குப் பதினேழாயிரம். நூல் விற்காவிடில் அவர் உழைத்த மாதங்களுக்குக் கூலி இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். கவிதைத் தொகுதியைப் பெரும்பாலான முகவர் ஏற்பதில்லை. கவிதையின் மீது அவருக்கு வெறுப்பு என்பதன்று, சொற்பத் தொகையில் பதினைந்து விழுக்காடு சொற்பத்திலும் சொற்பம் என்பதே காரணம். தனிச் சிறுகதைகளுக்கும் அதே நிலை. புதின ஆசிரியர் முழுக் கையெழுத்துப் படியையும் முடித்துவிட்டே எழுத வேண்டும். வரலாறு, அறிவியல் போன்ற நூல்களுக்குத் திட்ட வரைவும் மாதிரி இயல் ஒன்றிரண்டும் போதும். முதற்கடிதம் ஒரு பக்கம். அதில் கதைச் சுருக்கமும், எழுதியவர் யார் என்பதும், அச்சில் வந்த நூல்களுள் தம் நூல் எதனோடு ஒத்தது என்பதும் இருத்தல் வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். முன்னர் விற்ற நூல் எதைப்போல் இது? இதுவரை எவரும் எழுதாத வாழ்க்கையை எழுதுபவர் இதற்கு என்ன விடை தருவார்? தொழில் முறையில் கேட்கப்படும் எளிய கேள்விதான் அது. ஆயினும் நம் போன்றோர் வாசலிலேயே நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2020 மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் அமெரிக்கக் காவலரால் கொல்லப்பட்டபின், ஒடுக்கப்பட்டோரின் நூல்களைத் தேடுகிறோம் என்று அந்நாட்டு முகவர் பலர் அறிவித்தனர். நல்லதே. ஆனால் அடுத்த மாதமே, எழுத்தாளர்கள் தாம் பெற்ற முன்பணத்தை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியபோது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அம்பலமாயிற்று. 2011இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசைப் பெற்ற ஜெஸ்மின் வார்டு, அப்பரிசுக்குப் பின்னரும் ஒரு லட்சம் டாலர் முன்பணத்திற்குப் போராட நேர்ந்தது என்று எழுதினார்.

துயரத்தைக் கேட்டு வாங்குவோர் அதனை முழுவதுமாக வாங்குகிறார்களா என்பது அடுத்த கேள்வி. இதற்கு நாம் ரிச்சர்டு ரைட்டின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

ரைட் 1908இல் மிசிசிப்பி மாநிலத்தில், வாரத்திற்கு உழுத ஒரு கறுப்புக் குடியானவருக்கு மகனாகப் பிறந்தார். பசியறிந்த பிள்ளை. வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையைக் கடன் வாங்கி, அவருக்காகவே நூல் எடுப்பதுபோல் நடித்துப் படித்தவர். அவருடைய முதல் புதினம் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை, 1963இல்தான் வந்தது. 1930களின் இறுதியில் ரெனால்ட்ஸ் நிறுவனத்தில், தந்தையின் தொழிலை ஏற்ற இளைய ரெனால்ட்ஸ் அவருக்கு முகவரானார். 1940இல் 'நேட்டிவ் சன்' வெளிவந்தது. வீடுதோறும் மாதம் ஒரு நூலை அஞ்சலில் அனுப்பி வந்த 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' என்னும் மன்றம் அதனைத் தேர்ந்தெடுத்தது. மூன்று வாரங்களில் இரண்டு லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. ஆனால் மன்றத்தின் விருப்பத்திற்கேற்பச் சில பகுதிகள் அச்சுக்கு முன்பே மாற்றப்பட்டன.

அடுத்து ரைட் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முதற்பகுதி தென்னாட்டில் பட்ட கொடுமை. இரண்டாம் பகுதி வடக்கே சிகாகோ சென்றபின் கண்ட கொடுமை. மன்றம் 1944இல் முதற்பகுதி மட்டும் போதும் என்றது. தென்னாட்டுக் கொடுமையைப் படிக்க வடநாட்டு வாசகர் ஆயத்தமாயிருந்தனர். தம் தெருவின் கதையைப் படிக்கத்தான் மனமில்லை. போதாததற்கு, மன்றத்தின் நடுவர்களுள் ஒருவரான டாரதி கேன்ஃபீல்டு ஃபிஷர், நல்ல வெள்ளையர்பால் நன்றி தோன்ற முடிவில் ஏதேனும் சேர்க்கும்படி கடிதம் எழுதினார். ரைட் முழுதும் இணங்கவில்லை. தமக்கு நம்பிக்கை தந்தவை தாம் படித்த நூல்களே என்னும் கருத்தில் சில பத்திகள் எழுதிக் கொடுத்தார். பாதி நூல் 'பிளாக் பாய்' என 1945இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. ரைட் 1960இல் பாரிஸ் நகரில் மறைந்தார். மறுபாதி 1977இல் தனி நூலாக வந்தது. இரு பாதியும் அவர் எழுதியவாறே ஒன்றாக வந்தது 1991இல்.

ரைட் தவறிழைத்தார் என்று நாம் கூறவில்லை. அப்பாதி நூலைப் படித்து எழுந்த கறுப்பு இளைஞர் எண்ணற்றோர். நூல் வந்திராவிட்டால் அதுவும் இல்லை. முகவரும் பகைவர் அல்லர். அதே ரெனால்ட்ஸ்தான் பின்னாளில் அலெக்ஸ் ஹேலிக்கும் முகவர். மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை ஹேலி எழுதிவந்த காலத்தில், 1965 பிப்ரவரியில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தம் செய்திருந்த டபுள்டே பதிப்பகம் அஞ்சி நூலைக் கைவிட்டது. கையெழுத்துப் படி குரோவ் பதிப்பகத்திற்குச் சென்று அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஒரு கதவு மூடியபோது மறுகதவு எங்குள்ளது என்று அறிந்த முகவர் ஒருவர் இருந்தமை அங்கே பயன்பட்டது.

நம் வீட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1936இல் இலாகூர் நகரில் நடக்கவிருந்த மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கர் தலைமையுரை எழுதினார். அழைத்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியையும் மாற்ற அவர் உடன்படவில்லை. மாநாடு கைவிடப்பட்டது. அண்ணல் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. ரைட்டின் நிலையில் அண்ணல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். விடை அத்துணை எளிதாகக் கிடைக்கவில்லை. எழுத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாதவர் ரைட்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவந்த கடைசிக் கப்பலில் 1860இல் வந்திறங்கிய முதியவர் ஒருவரை, ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் கறுப்பின அம்மையார் 1927இல் கண்டு பேசி, அவர் பேசிய பேச்சிலேயே ஒரு நூல் எழுதினார். பதிப்பகம் திருத்தமான ஆங்கிலத்தில் மாற்றித் தரக் கேட்டது. அம்மையார் மறுத்தார். நூல் 2018இல்தான் வெளிவந்தது; அப்போது அவர் மறைந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் பாமாவின் 'கருக்கு' 1992இல் மக்கள் பேச்சிலேயே தமிழில் வெளிவந்தது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலமாக்கினார். 'கருக்கு' முதலில் நம் மக்கள் கையில் இருந்தது. பிறகே வெளியூர் சென்றது. இந்த வரிசை நமக்குப் பிடித்திருக்கிறது.

இளைஞர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். படிப்பதற்குப் பணம் கேட்பவர் நேர்மையான முகவர் அல்லர். அமெரிக்க முகவர் சங்கத்தின் ஒழுக்க விதிகளே அதனைத் தடை செய்கின்றன. முகவருக்குப் பணம் உங்கள் நூலின் வருவாயிலிருந்து செல்ல வேண்டும்; உங்கள் தாயின் காதிலிருந்து அன்று. அவர் முன்னர் விற்றுத் தந்த நூல்கள் எவை எனக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை, வெளிநாட்டு உரிமை ஆகியவை தனித்தனியே விற்கத் தக்கவை. அனைத்தையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எதை நீக்கச் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். நீக்கிய பக்கங்களைக் கிழித்தெறியாதீர்கள். ரைட்டின் மறுபாதி எங்கோ பத்திரமாக இருந்ததால்தான் 1977இல் அச்சேற முடிந்தது.

ஒப்பந்தத்தாள் எவருக்கேனும் வந்தால், கையெழுத்திடுமுன் கழகத்திற்குக் கொண்டு வாருங்கள். நம் வழக்கறிஞர் உறுப்பினர் இருவர் கட்டணமின்றிப் படித்துச் சொல்ல இசைந்துள்ளனர்.

அந்த இளைஞர் இன்று இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாட்டியாரின் வரலாற்றை அவர் மீண்டும் எழுதி வருகிறார். நடவுப் பாட்டுக்காரியாக இருந்த அவ்வம்மையார் பண்ணையை விட்டு வெளியேறிய இரவைச் சொல்லும் இயலைச் சென்ற மாதம் நம்மிடம் படித்துக் காட்டினார். அதில் ஒருவரி கூடப் பிறருக்காக எழுதப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு விடுதி நூலகத்தில் முதல் மூன்று இயல்களும் படிக்கப்படும். அவருடைய தாயாரும் வருகிறார். முன் வரிசையில் அவருக்கு ஓர் இருக்கையை விட்டுவையுங்கள்.