2857ஆம் எண் பேருந்து

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய டியர்போர்ன் என்ற ஊரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது. பச்சை, மஞ்சள், வெள்ளை வண்ணங்களில் பழைய நகரப் பேருந்து ஒன்று அங்கே நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1948இல் கட்டிய 36 இருக்கை டீசல் வண்டி. அதன் எண் 2857.

1955 டிசம்பர் 1ஆம் தேதி மாலை, அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரில் இந்த வண்டியில்தான் ரோசா பார்க்ஸ் ஏறினார். தையல் வேலை பார்த்துவந்த 42 வயதுக் கறுப்பினப் பெண்மணி. முன்னிருக்கைகள் வெள்ளையருக்கு என்பது அந்த ஊரின் சட்டம். அவை நிரம்பிவிட்டால், அடுத்த வரிசையில் இருக்கும் கறுப்பினத்தவரை ஓட்டுநர் எழுப்புவார். அன்றும் ஓட்டுநர் எழச் சொன்னார். அந்த வரிசையில் மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா பார்க்ஸ் எழவில்லை. கைது செய்யப்பட்டார்.

அதற்குப் பிறகு மான்ட்காமரியின் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் கால் வைக்கவில்லை. வேலைக்கு நடந்து போனார்கள்; கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். நீதிமன்றத் தீர்ப்பால் 1956 டிசம்பரில் பேருந்துகளில் அந்தப் பாகுபாடு ஒழிந்தது. காந்தியின் வழியில் அந்தப் போராட்டத்தை நடத்திய கிங், 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது நம் திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமத்துக்கும் வந்து போனார்.

அந்தப் பேருந்து என்ன ஆனது? 1970களின் தொடக்கத்தில் அதை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மான்ட்காமரிக்காரர் ஒருவர் வாங்கித் தன் நிலத்தில் நிறுத்தினார். இன்ஜினும் இருக்கைகளும் போய்விட்டன. மரச்சட்டங்களும் வேலைச் சாமான்களும் போட்டுவைக்கும் கொட்டகையாக, வெயிலிலும் மழையிலும் சுமார் முப்பது ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. ரோசா பார்க்ஸ் வந்த வண்டி இதுதான் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். வாங்கியவரின் குடும்பத்துக்கு அது தெரியும். ஆனால் நிரூபிக்க அவர்களிடம் ஆவணம் இல்லை.

சான்று ஒரு பழைய நோட்டில் கிடைத்தது. போராட்டக் காலத்தில் மான்ட்காமரி பேருந்து நிலையத்தில் மேலாளராக இருந்தவர், அதைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிவைத்திருந்தார். ரோசா பார்க்ஸ் கைதான செய்தியின் பக்கத்தில் ஓட்டுநரின் பெயரையும் 2857 என்ற எண்ணையும் தன் கையால் குறித்திருந்தார். கையெழுத்து நிபுணர்கள் அதைச் சோதித்தார்கள். அருங்காட்சியகத்தின் ஆட்கள் வண்டியை நேரில் ஆராய்ந்தார்கள். 2001 அக்டோபரில் நடந்த ஏலத்தில் அருங்காட்சியகம் 4,92,000 டாலர் கொடுத்து வண்டியையும் அந்த நோட்டையும் வாங்கியது.

பழுதுபார்ப்புக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. மத்திய அரசு தந்த மானியம் அதில் பெரும்பங்கு. துருப்பிடித்த தகட்டைச் சீர்செய்து, இருக்கைகளைப் பொருத்தி, வண்ணம் பூசி, 1955இல் ஊருக்குள் ஓடிய தோற்றத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். 2003 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வந்தது. கயிறு கட்டித் தள்ளி நிற்க வைக்காமல், மக்களை உள்ளே ஏறி உட்கார விடுகிறார்கள். அதிபராக இருந்த பராக் ஒபாமாவும் 2012இல் அதில் வந்து உட்கார்ந்தார்.

நேயர்களே, பழைய வண்டியைக் காப்பது என்றால் இன்ஜினையும் தகட்டையும் காப்பது மட்டும் இல்லை. அது யாருடையது, எங்கே ஓடியது, யாரைச் சுமந்தது என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். அந்த மேலாளர் எண்ணைக் குறித்துவைக்காமல் போயிருந்தால், 2857 இன்று வெறும் துருப்பிடித்த தகரம். உங்கள் ஊரிலோ வீட்டிலோ பழைய வண்டி இருந்தால், எடைக்குப் போடும் முன்பு அதை அறிந்த பெரியவர்களிடம் கேளுங்கள். எண், ஆண்டு, ஓடிய வழி, ஓட்டியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி, ஒரு படமும் எடுத்துவையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.