ஊரைக் கேட்டார்கள், சேரியைக் கேட்டார்களா?



நம் மொழியில் ஊர் வேறு, சேரி வேறு. ‘ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டோம்’ என்று ஓர் அரசாங்கக் காகிதம் சொன்னால், எந்த ஊர் என்றுதான் நாம் முதலில் கேட்க வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் மறுத்துப் பேசினார். அந்த மறுப்பு இன்னும் முடியவில்லை. தோழரின் நினைவு நாளில் தொலைவிலுள்ள ஒரு சேரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். 1968இல் கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் ‘நான் மனிதன்’ என்ற அட்டையை ஏந்தி வேலைநிறுத்தம் செய்தது அங்கேதான். அவர்களுக்குத் துணையாக வந்த மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அங்கேதான். அந்நகரின் தென்மேற்கே பாக்ஸ்டவுன் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் சரக்கு ரயில்பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு வீடு கட்டியதால் வந்த பெயர் அது.

2024 ஜூனில், அதன் அருகே எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் தரவு மையம் வருவதாக அறிவித்தார்கள். நகரமன்ற உறுப்பினர்கள் சிலருக்கே அப்போதுதான் தெரியும். சில மாதங்களில் மையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் போதாமல் எரிவாயு டர்பைன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓராண்டுக்குள் அகற்றும் தற்காலிக எந்திரங்களுக்கு அனுமதி வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள். பொதுவிசாரணை 2025 ஏப்ரலில்தான், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மக்கள் திரண்டு வந்து தங்கள் மூச்சுத்திணறலைப் பற்றிப் பேசினார்கள். ஜூலையில் 15 டர்பைன்களுக்கு அனுமதி கிடைத்தது. எந்திரம் முதலில் வந்தது, கருத்துக்கேட்பு பிறகு வந்தது.

இதே மக்கள் 2021இல், தங்கள் குடிநீர் ஊற்றுக்கு மேலே வரவிருந்த பைஹேலியா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தைக் கைவிட வைத்தவர்கள். எதிர்ப்பு குறைவான இடம் என்று கணக்குப் போட்டு வந்தவர்களின் கணக்கு அன்று பொய்த்தது. குழாய் பதிக்கும் முன்பே அவர்கள் கேள்வி கேட்டதுதான் வித்தியாசம்.

நம் நாட்டின் நிலை என்ன? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. தரவு மையமும் காகிதத்தில் ஒரு கட்டடம்தான். ஆனால் அது தண்ணீர் குடிக்கும், இரவும் பகலும் மின்சாரம் தின்னும், மின்சாரம் நின்றால் டீசல் புகை கக்கும். கட்டி முடித்தபின் அதில் நிலையான வேலையும் கொஞ்சம்தான்.

சுடுகாடும் குப்பைமேடும் எங்கே வைக்கப்படும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். அடிக்கல் நாட்டும் முன்பே கேளுங்கள். பட்டா உள்ளவரை மட்டுமல்ல, அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவரையும் கேளுங்கள். கூட்டத்தைச் சேரியில் நடத்துங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர், எந்தக் கிணற்றிலிருந்து என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ‘வேண்டாம்’ என்பதையும் ஒரு பதிலாகப் பதிவு செய்யுங்கள்.

அதைச் சொல்ல இடமில்லாத கூட்டத்தில் நம்மிடம் கேட்பது கருத்தை அல்ல, கையெழுத்தை.

ஜெய் பீம்.