கொல்லைப்புறத்தில் முருங்கை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கிணறுகள் வற்றியதை நாம் கண்டோம். அத்தகைய காலத்திலும் வாடாது நின்று கறிக்கு உதவுவது முருங்கை. ஆவணியில் 1½ அடிக் குழி வெட்டி, எருவிட்டு, மணிக்கட்டுப் பருமனுள்ள 4 அடிப் போத்தை நடுக. நீர் தேங்கின் அடி அழுகும். ஆதலின் மண்ணை மேடாக அணைத்தல் வேண்டும். வேர் பிடிக்கும்வரை அரிசி களைந்த நீரே போதும். வேலியில் பிரண்டையையும் தூதுவளையையும் படரவிடுக. பிரண்டை தன் தண்டில் நீரைச் சேமித்துக் கோடையைத் தாங்கும்.

காய்கறிக்காகக் கடையில் ஏறும் கடன் குறைந்தால், சங்கத் தவணையைச் செலுத்துவதும் எளிதாகும். ஆகவே, வரும் மழைக்கு முன் வீட்டுக்கு ஒரு போத்தேனும் நடுவீர்களாக.