எல்லா கையிலும் ரெய்ஸ் பண்றவரை என்ன பண்றது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு: "டேபிள்ல ஒருத்தன் சீட்டைப் பார்க்காத மாதிரியே ஒவ்வொரு கையிலும் ரெய்ஸ் பண்றான். அவனை எப்படிச் சமாளிக்கிறது?" போக்கர்ல இந்த ஆளுக்கு 'மேனியாக்'னு பேர். இன்னிக்கு இவரைப் பத்திதான்.

முதல்ல என் கதை. 2019-ல ஆன்லைன்ல இப்படி ஒருத்தர்கிட்ட ஒரே ராத்திரியில அரை மாசச் சம்பளத்தை விட்டேன். அந்த மாச வாடகைக்கு அண்ணன்கிட்ட கடன் வாங்கினேன். அவர் என்னைவிட நல்லா ஆடினார்னு இல்லை. மூணு தடவை என்னை ஃபோல்டு பண்ண வச்சிட்டு, ஒண்ணுமில்லாத சீட்டைத் திருப்பிக் காட்டினார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. 'இவனை நான் ப்ளஃப் பண்ணிக் காட்டுறேன்'னு இறங்கினேன். ஃபோல்டு பண்ணவே மாட்டேங்கிறவரை ப்ளஃப் பண்ணினா என்ன ஆகும்? அதேதான் ஆச்சு.

இவங்களுக்கு எதிரா நாம பண்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, நான் பண்ணின மாதிரி அவரைப் போலவே ஆடுறது. இன்னொண்ணு, ரெண்டு ஏஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது. ரெண்டு ஏஸ் சராசரியா 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். நேர்ல ஆடும்போது மணிக்கு 30 கைன்னு வச்சாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள பிளைண்டே உங்க சிப்ஸைக் கரைச்சிடும்.

சரி, அப்ப என்ன வழி? ஜோடி இல்லாத ரெண்டு சீட்டோட போனா, ஃப்ளாப்ல ஜோடி சேர்றது ஏறக்குறைய மூணுல ஒரு தடவைதான். இது அவருக்கும் பொருந்தும். பத்து ஃப்ளாப்ல ஒன்பதுல அவர் பெட் பண்றார்னா, பெரும்பாலும் கையில பெருசா ஒண்ணும் இருக்காது. அதனால, நிதானமா ஆடுறவருக்கு எதிரா ரிவர்ல பயந்து கீழே வைக்கிற டாப் பேர், இவருக்கு எதிரா நல்ல கை. பாட்ல 600 இருக்கு, அவர் 600 போடுறார்னு வச்சுக்கோங்க. நீங்க 600 கொடுத்து 1,200 ஜெயிக்கப் பார்க்கிறீங்க. மூணுல ஒரு தடவை ஜெயிச்சாலே கணக்கு நேராயிடும். அதுக்கு மேல எல்லாம் லாபம்.

உட்கார்ற இடமும் முக்கியம். முடிஞ்சா அவருக்கு இடதுபக்கம் உட்காருங்க. அவர் என்ன பண்றார்னு பார்த்துட்டு நீங்க முடிவெடுக்கலாம். நல்ல கை வந்தா வெறும் கால் பண்ணாதீங்க. மறுபடி ரெய்ஸ் பண்ணி மத்தவங்களை வெளியே அனுப்பிட்டு அவரோட தனியா மோதுங்க. ஏஸ்-கிங் மாதிரி ஒரு கை, ஏதோ ரெண்டு சீட்டுக்கு எதிரா சுமார் 65 சதவீதம் ஜெயிக்கும். ஆனா சின்ன ஜோடி, ஒரே பூவுல ஆறு-ஏழு மாதிரி சீட்டுகளுக்கு ஃப்ளாப் மலிவா கிடைக்கணும். இவர் மலிவா விடவே மாட்டார். அதையெல்லாம் தூக்கிப் போடுங்க.

ஃப்ளாப்புக்கு அப்புறம், நல்ல கை இருந்தா பல நேரம் செக் பண்ணினாலே போதும். அவரே பெட் பண்ணுவார், நீங்க கால் பண்ணுங்க. தவளை தன் வாயால் கெடும். நீங்க ப்ளஃப் பண்றதை மட்டும் மறந்துடுங்க.

ஒரு எச்சரிக்கை. சரியா ஆடினாலும் தோற்பீங்க. ரெண்டு ஏஸ் கூட, ஏதோ ரெண்டு சீட்டுக்கு எதிரா ஏழு தடவையில ஒரு தடவை தோற்கும். இவரோட ஆடும்போது பாட் பெருசா இருக்கும், அடியும் பெருசா விழும். அதனால எவ்வளவு போனா எழுந்திருப்பீங்கன்னு உட்கார்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. கோபம் வந்தா அதுக்கு முன்னாடியே எழுந்திருங்க. நான் அன்னிக்கு அதைத்தான் பண்ணலை.

இன்னொரு விஷயம். காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துறதுக்கு எதிரா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் நிறைவேத்திருக்கு. அதனால இன்னிக்குச் சொன்னதெல்லாம் நண்பர்கள் வீட்டுல வெறும் சிப்ஸ் வச்சு ஆடுற ஆட்டத்துக்குத்தான்.

அடுத்த வாரம் இதுக்கு நேரெதிர் ஆள்: மணிக்கணக்கா ஃபோல்டு பண்ணிட்டு, திடீர்னு ஒரு ரெய்ஸ் போடுறவர். அவரைக் கண்டா என்ன பண்ணணும்னு பேசலாம்.